கொடிப்பாலம் வரை சாருமதி

பனிவாசல் மலையிலிருந்து தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன ரயில் முன்பு கீழே இறங்கிவந்ததும், ஒரு பெருமழையில் பாதிப் பாலங்கள் போனபிறகு கம்பெனிக்காரர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்து இரும்புக்கு விற்றதும், வெறுமனே கிடந்த தடத்தில் வெகுகாலம் கழித்து அரசாங்கம் சரளைக்கல் கொட்டி உருட்டி, சைக்கிள்காரர்கள் வந்துபோக பசுமை வழி என்று பலகை வைத்ததும் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். அந்தத் தடம் சாருமதியைப் பிடித்துவைத்துக்கொண்டது மட்டும் கொஞ்சம் பிந்தி, ஒரு கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை காலையில் நடந்தது.

சாருமதி கோயம்புத்தூரில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் வரைபடம் போடுகிறவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச்சேர்ந்தபிறகு தங்கை நித்திலாவைத் தானே படிக்கவைத்து, அவளுக்கு வேலையும் கிடைத்தபிறகுதான் தனக்கென்று ஒரு பொருள் வாங்கினாள். ஆட்டுக்கொம்பு மாதிரி கைப்பிடி வளைந்து, சரளையைக் கவ்வுகிற தடித்த டயர் போட்ட சைக்கிள் அது. வார விடுமுறைகளில் அதை பஸ் கூரையில் ஏற்றி எங்காவது மலைக்குப் போவாள். அன்றைக்குப் பனிவாசலில் இறங்கி, கற்கள் டயருக்கடியில் பொரிபொரியென்று நொறுங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, குகைக்குள் நுழைந்து வெளியேறி, வாய்க்கால் பாலம் தாண்டி, நடுச்சுனை என்கிற ஊருக்கு வந்தபோது, தடத்தை ஒட்டினாற்போல் ஒரு டீக்கடை தெரிந்தது. பிரேக் பிடித்து, இறங்கி, கடையைப் பார்த்துக் காலை எடுத்துவைத்தாள். கால் சரளையில்தான் விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் சரளை. தடுப்பு எதுவும் இல்லை, வலி இல்லை. எடுக்கும்போது கடைப்பக்கம் போகிற கால், வைக்கும்போது தடத்தில் இருந்தது.

கடைக்காரி பிலோமினா பாய்லருக்குப் பின்னாலிருந்து இதைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன மேடம், அங்கனயே நின்னு டான்ஸ் ஆடுறீங்க?"

"கால் வர மாட்டேங்குதுங்க."

பிலோமினா தடத்தோரம் வந்து குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள். தன் காலை ஒருமுறை தடத்துக்கு உள்ளே வைத்து வெளியே எடுத்தும் பார்த்துக்கொண்டாள். அவளுடையது ஒழுங்காக வந்தது.

"அதுக்கென்ன, டீயை நான் கொண்டாந்து குடுத்துட்டாப் போச்சு," என்றாள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள்.

மத்தியானத்துக்குள் ஊர் கூடிவிட்டது. நான்கு ஆட்கள் சாருமதியை சைக்கிளோடு சேர்த்துத் தூக்கி ஆரஞ்சு மரத்தடியில் கொண்டுபோய் இறக்கினார்கள். இறக்கியபிறகு பார்த்தால் அந்த நான்கு பேரும் அவளும் தடத்தின் மேலே நின்றிருந்தார்கள், மரம் அது நின்ற இடத்திலேயே நின்றது. அவள் கொடிப்பாலம் வரைக்கும் இறங்கிப் பார்த்தாள். அங்கே வரதராஜன் கல்யாண மண்டபத்தின் பின்பக்கச் சுவருக்கு முன்னால் 'பசுமை வழி முடிவு' என்று எழுதிய கல் நட்டிருந்தது. திரும்பிப் பனிவாசல் வரை ஏறிப் பார்த்தாள். அங்கே இடிந்த ரயில் கொட்டகையில் தடம் முடிந்தது. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பக்கவாட்டில் ஓர் அடி போக முடியாது. பஞ்சாயத்துத் தலைவர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, "மண்ணுக்கு அந்தப் புள்ளையப் புடிச்சுப்போச்சு, நாம என்ன பண்ண முடியும்," என்று சொல்லிவிட்டு, தகரம் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கினார்.

இப்படியாக நடுச்சுனைக்காரர்கள் தடத்தின் மேலேயே அவளுக்கு ஒரு தகர அறை போட்டுக்கொடுத்தார்கள். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. தடத்தை மறிக்கக்கூடாது என்று வனத்துறை ஆள் வந்து சொன்னதால், ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிற சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு அவளுடைய அறைக்குள்ளேயே புகுந்து, "சாரி மேடம், சாரி மேடம்" என்று அடுப்புக்கும் பாய்க்கும் நடுவில் வரிசையாகக் கடந்துபோனார்கள். அவர்களையெல்லாம் தடம் ஒன்றும் செய்யவில்லை. டீக்கடைக்குப் போனார்கள், ஒன்றுக்குப் போக ஓரம் ஒதுங்கினார்கள், சாயங்காலமானால் வீட்டுக்குப் போனார்கள். ஏன் தன்னை மட்டும் என்று சாருமதி முதலில் நிறைய யோசித்தாள். பிறகு அந்த யோசனையும் தடத்தைப் போலவே இரண்டு முனைகளுக்கு நடுவில் போய்வந்து அலுத்துவிட்டது.

அந்த மலைக்கு ஒரு பஸ் ரோடு இருந்தது. முந்தின வருஷத்து மண்சரிவில் அது நடுவில் அறுந்துபோய், சுற்றுவழியாக மட்டும்தான் பஸ் வந்தது, அதுவும் பனிவாசலோடு நின்றுவிடும். நடுச்சுனைக்காரர்கள் எதற்கும் நடந்தார்கள். அதனால் முதலில் சின்னச்சின்னதாகக் கேட்டார்கள். மேலே போனால் இந்தக் கறிவேப்பிலையை என் நாத்தனாரிடம் கொடுத்துவிட முடியுமா. கீழே போனால் மண்டபத்துப் பக்கத்து மருந்துக்கடைக்காரரை வாசலுக்குக் கூப்பிட்டு இந்தச் சீட்டைக் காட்ட முடியுமா. சும்மா போய்வருகிறவள்தானே, சாருமதியும் வாங்கிக்கொண்டாள். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்குப் பட்டது. பிலோமினாவின் புருஷன் பனிவாசல் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முதுகு உடைந்து படுத்திருந்தான். ஆஸ்பத்திரிச் சுவர் தடத்தை ஒட்டியிருந்ததால், தினமும் காலையில் பிலோமினா தூக்குவாளியில் கஞ்சியும் மீன் குழம்பும் கொடுத்துவிட, சாருமதி அதை ஏற்றத்தில் மூச்சுவாங்கக் கொண்டுபோய் ஜன்னல் வழியாக நீட்டுவாள்.

பிறகு யாரோ சைக்கிளுக்குப் பின்னால் ஒரு சின்ன இழுவண்டி செய்து மாட்டினார்கள். யாரோ தடத்தோரம் நிற்கிற இடங்களில் பெஞ்சு போட்டார்கள். மூட்டையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் வளைவில் மணிச்சத்தம் கேட்டதும் எழுந்துகொள்வார்கள். "சாரு வந்துட்டாளா" என்று கேட்டவர்கள், மழைக்காலம் முடிந்து தேயிலை துளிர்விடத் தொடங்கிய சமயத்தில், "வண்டி வந்துருச்சா" என்று கேட்டார்கள். எப்போது பேச்சு அப்படி மாறியது என்று யாருக்கும் தெரியாது. அவள் முகம் பார்த்துச் சிரித்து, அவள் கையில் மூட்டையைக் கொடுத்து, வீட்டுக்குள் திரும்பி, "வண்டியில போட்டாச்சு" என்றார்கள். ஒருநாள் கோபத்தில் அவள் எந்தப் பெஞ்சிலும் நிற்காமல், யாரையும் பார்க்காமல், மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு போனாள். யாரும் வருத்தப்படவில்லை. "இன்னிக்கு வண்டி நிக்கல போலருக்கு" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்குத்தான் சாருமதி தகர அறையில் இரண்டு கதவுகளையும் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

நித்திலா வாரம் தவறாமல் வந்தாள். கொடிப்பாலம் வரை பஸ்ஸில் வந்து, மண்டபத்துக்குப் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் வந்து, முடிவுக்கல்லின் மேல் உட்கார்ந்து, அக்காவுக்குத் தலைவாரி விடுவாள். கம்பெனிக்காரர்கள் கொஞ்ச நாள் காத்திருந்து வேறு ஆள் போட்டுவிட்டதை அவள்தான் வந்து சொன்னாள். வீட்டைக் காலிசெய்ததையும் அவளே சொன்னாள். ஒருநாள் வெயிலில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மண்டபத்துக்காரர் மகன் ஆதவன் சுவருக்கு மேலாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நீட்டினான். அடுத்த வாரம் நாற்காலியோடு மோரும் வந்தது. அதற்கடுத்த வாரங்களில் அவன் சுவரின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். வைகாசியில் கல்யாணம் வைத்தார்கள், அதே மண்டபத்தில்தான். அக்கா அந்தக் கல் வரையாவது வரமுடியுமே என்பதற்காக நித்திலா அதில் பிடிவாதமாக இருந்தாள்.

கல்யாணத்தன்று சமையல்காரர்களுக்காக பின்பக்கத்து இரும்புக்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். சாருமதி பட்டுப்புடவை கட்டி, முடிவுக்கல் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்து நின்றாள். உள்ளே மேளச்சத்தம் கேட்டது. மணக்கோலத்தில் நித்திலா, சமையல்கட்டைத் தாண்டி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, அக்கா காலில் விழுந்து எழுந்து, அழுகையோடு அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாக்கா, நீ இல்லாம எப்படிக்கா."

சாருமதியின் கால் கல்லைத் தாண்டி உள்ளே போய் விழுந்தது. அங்கேயே நின்றது.

அதுவரை சாருமதி அந்தக் கல்லைத் தாண்டிப் பார்த்ததே இல்லை. தடம் முடிந்தது என்று கல்லில் எழுதியிருந்தது, எழுதியிருந்ததை அவள் நம்பினாள். அடுத்த அடியும் வைத்தாள். சாம்பார் அண்டாவுக்கும் சாதக் குவியலுக்கும் நடுவில் நடந்து, பந்தி மண்டபத்துக்குள் நுழைந்து, மணமேடை தெரிகிற இடத்துக்கு வந்து, மேடைப்பக்கம் திரும்பியபோது கால் பழையபடி நேராகவே விழுந்தது. தங்கை கழுத்தில் தாலி ஏறுவதை, பாயசம் சுமக்கிறவர்கள் "கொஞ்சம் ஒதுங்குங்கம்மா, ஒதுங்குங்க" என்று சொல்லச்சொல்ல, ஒதுங்க முடியாமல் அந்தக் கோட்டின் மேல் நின்று பார்த்தாள். பிறகு அதே கோட்டில் நடந்தாள். முன்பக்கம் ஜெனரேட்டர் அறைச் சுவரில் கோடு முட்டியது. சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப்பக்கம் இன்னும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இருந்தது. மண்டபத்தைத் தாண்டி நெட்டுத்தெரு. ரயில் நின்றபிறகு, ஆளில்லாத இடம் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து தடத்தின் மேலேயே வீடு கட்டிக்கொண்டதால்தான் அந்தத் தெரு நூல் பிடித்தமாதிரி இருந்தது. அதற்கப்பால் ஒரு மாவுமில்லு, அதற்கப்பால் மேட்டுத்துறை ஜங்ஷன். அந்த ஜங்ஷனில் இன்றைக்கும் பெரிய ரயில் வந்துபோகிறது. சின்ன ரயில் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் அதுதான், அதுவரை போய்விட்டால் தானும் இறங்கிவிடலாம் என்று சாருமதிக்குப் பட்டது.

கல்யாணச் சந்தடி ஓய்ந்தபிறகு ஆதவனின் அப்பா வரதராஜன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. வெற்றிலையை மடித்து, மடித்ததைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"அம்மிணி, நீங்க போறதுல எனக்கென்னங்க கஷ்டம்? சொவுத்த நானே இடிச்சுப்போடுவேன். ஆனா நீங்க போன தடம் இதுதான்னு ஊருக்குத் தெரிஞ்சா, நாளைக்கே தாசில்தார் அதே தடத்துல நெலம் அளக்கற சங்கிலி புடிச்சுட்டு வந்துருவாருங்க. இது சர்க்கார் நெலம்னு சொன்னா இந்தத் தெருவே எங்க போறது? அத்தன பேருக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க."

"நான் எங்க போறதுங்க?" என்றாள் சாருமதி.

அவர் வெற்றிலையை விரித்து மறுபடி மடித்தார். கடைசியில், "மத்த வூட்டுக்காரங்க அத்தன பேரும் தொறந்தா நானும் தொறக்கறேன்," என்றார். அது ஒருநாளும் நடக்காது என்று அவருக்குத் தெரியும். சாருமதி சமையல்கட்டு வழியாகத் திரும்பிப்போய் சைக்கிளில் ஏறினாள். மறுநாள் காலையில் பெஞ்சுகளில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

ஆனால் புதுமணத் தம்பதியைத் தெருவே விருந்துக்குக் கூப்பிடுகிற மாதம் அது. மண்டபத்தை ஒட்டிய முதல் வீட்டு ராக்கியண்ணன்தான் முதலில் கூப்பிட்டார். இலை போட்டு, கோழிக் குழம்பு ஊற்றி, ஆதவன் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகப் போனபோது, நித்திலா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் கண்ணு, கறி ஆகாதா?" என்றாள் ராக்கியண்ணன் பெண்டாட்டி.

"ஆகும்ங்க அத்தை. புதுப்பொண்ணுக்கு நீங்க சேலை வெச்சுக் குடுப்பீங்கல்ல, எனக்குச் சேலை வேண்டாம். எங்க அக்கா சைக்கிள் போற அகலத்துக்கு உங்க வீட்டுல முன்னால ஒரு வழி, பின்னால ஒரு வழி. அவ்வளவுதான். தர்றேன்னு சொல்லுங்க, கை நனைக்கிறேன்."

முதல்முறை வாசல் மிதித்த பெண் வெறும் வயிற்றோடு எழுந்துபோனால் அந்த வீடு என்னத்துக்கு ஆகும். ராக்கியண்ணன் கூரையைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், ஆறிக்கொண்டிருந்த குழம்பைப் பார்த்தார். "அப்பறம் அடைச்சுக்குவோம்," என்றார். "அவங்க அந்தப்பக்கம் போனதும், இந்தப்பக்கம் கொத்தனார நிறுத்திச் சொவுத்த எடுத்துருவோம். யார் வந்து கேட்டாலும் காத்துக்கு ஜன்னல் வெக்கப் பாத்தோம், சரிவர்லைன்னு சொல்லிக்குவோம்."

நித்திலா சாப்பிட்டாள். அடுத்த வீட்டில் சாப்பிட்டாள், அதற்கடுத்த வீட்டிலும். சில வீடுகளில் உடனே சரி என்றார்கள். சில வீடுகளில் சோறு காய்ந்து போகிறவரைக்கும் உட்காரவைத்தார்கள். ஒரு வீட்டில், "உனக்கு இந்தத் தெருவுல இனி எதுவும் கேக்குற மொகம் இருக்காது, நெனப்புல வெச்சுக்க" என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். "வெச்சுக்கறேன்" என்று சொல்லி அந்த வீட்டிலும் சாப்பிட்டாள். மாவுமில்லுக்காரர் வரைக்கும் சாப்பிட்டு முடித்து, வீட்டுக்கு வந்து, மாமனார் முன்னால் தண்ணீர்ச் செம்பை வைத்து, "மாமா, எல்லாரும் தொறக்கறாங்க" என்றாள். வரதராஜன் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஜெனரேட்டரை நகர்த்த ஆள் கூப்பிட்டார்.

சேதி மேலே போனது. நடுச்சுனையில் யாரும் சாருமதியிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் புறப்படுகிற காலையில், வழக்கத்தைவிட அதிகமாக மூட்டைகளோடு பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி இனிமேல் ஜங்ஷன் வரை போகும் என்று அவர்கள் தங்களுக்குள் முடிவுசெய்திருந்தார்கள். ஜங்ஷனில் இருக்கும் மகனுக்கு, தங்கைக்கு, வக்கீலுக்கு என்று பலாச்சுளையும் மிளகும் காகிதக்கட்டும் இழுவண்டியில் ஏறின. கொத்தனார்கள் பின்னாலேயே அடைத்துக்கொண்டு வருவார்கள் என்று அவளும் சொல்லவில்லை.

பிலோமினா மட்டும் தூக்குவாளி கொண்டுவரவில்லை. தடத்தைவிட்டுத் தள்ளியே வந்து நின்றாள்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். நீ வந்த மறுவாரமே குருசடியில போய் மெழுவர்த்தி ஏத்துனேன். உன் காலு அவிழக்கூடாதுன்னு அந்தோணியார்ட்ட நேர்ந்துக்கிட்டேன். வாராவாரம் ஏத்துனேன்." அவள் கண்ணைத் துடைக்கவில்லை. "எங்காளு சோறில்லாம கெடப்பாரேன்னு நெனச்சேன். உன்ன நெனைக்கல."

சாருமதிக்கு அவளை அறையவேண்டும் போலிருந்தது. கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. பிலோமினா நின்ற இடம் தடத்துக்கு வெளியே, கை எட்டாத தூரம். இரண்டுமே முடியாது.

"நேத்து ஏத்துனீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல. நேத்து ஏத்தல."

சாருமதி பெடலை மிதித்தாள். மேலே குகையிலிருந்து வந்த ஈரக்காற்று நெடுந்தூரம் அவள் முதுகிலேயே வந்தது. கொடிப்பாலத்தில் முடிவுக்கல்லைப் பிடுங்கி ஓரமாகப் படுக்கவைத்திருந்தார்கள். நித்திலா முன்னால் நடந்தாள், சாருமதி சைக்கிளையும் இழுவண்டியையும் உருட்டிக்கொண்டு பின்னால் போனாள். மண்டபத்தைத் தாண்டி, ஜெனரேட்டர் அறையின் ஓட்டை வழியாக வெயிலுக்கு வந்து, ராக்கியண்ணன் வீட்டுச் சமையல்கட்டுக்குள் போய், பால் பொங்கிக்கொண்டிருந்த அடுப்பை உரசி, சாமிப்படங்களுக்கு முன்னால் எரிகிற விளக்கு அணையாமல் மெல்லக் கடந்து, அடுத்த வீட்டில் தொட்டிலை யாரோ ஒரு கையால் தூக்கிப்பிடிக்க அதன் அடியில் குனிந்து, அதற்கடுத்த வீட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு சோப்பு நுரையோடு ஒதுங்கிநின்ற மனிதரிடம் மன்னிப்புக் கேட்டு, தையல் மிஷின்களுக்கு நடுவில், நெல் மூட்டைகளுக்கு நடுவில், பரீட்சைக்குப் படிக்கும் பெண்பிள்ளையின் புத்தகத்தின் மேல் சக்கரம் ஏறாமல் கவனமாக அவள் போக, பின்னால் ஒவ்வொரு ஓட்டையிலும் கரண்டிகள் சரக்சரக்கென்று கலவையை அள்ளி அப்ப, செங்கல் மேல் செங்கல் ஏறி, அவள் வந்த வழி ஒவ்வொரு வீடாக இல்லாமல் போனது. யாரும் அவளை வண்டி என்று சொல்லவில்லை. யாரும் எதுவுமே சொல்லவில்லை. வெளியே கேட்டுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாவுமில்லில் முகமெல்லாம் வெள்ளையாக ஒருவர் பெல்ட்டை நிறுத்தி வழிவிட்டார். அந்தக் கடைசிச் சுவரும் பின்னால் மூடிக்கொண்டது.

ஜங்ஷனில் தடம் பெரிய தண்டவாளங்களோடு போய்ச் சேர்ந்து, கருங்கல் ஜல்லிக்குள் மறைந்தது. பக்கத்தில் பிளாட்பாரத்துச் சரிவு. சாருமதி சைக்கிளை நித்திலாவிடம் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, காலை எடுத்துவைத்தாள். திறந்து பார்த்தபோது கால் சிமெண்டில் இருந்தது. இன்னொரு காலையும் அதன் பக்கத்தில் வைத்தாள். ஒரு பெட்டிக்கடை, ஒரு தண்ணீர்க் குழாய், படுத்திருந்த ஒரு நாய். எதன் பக்கமும் போகலாம். போகாமல் நெடுநேரம் நின்றாள். பயமாக இருந்தது.

பிறகு அக்காவும் தங்கையும் மூட்டைகளை இறக்கி, யாருக்கு எது என்று பார்த்து, ஸ்டேஷனுக்கு வெளியே சுமந்துகொண்டு வந்தார்கள். நித்திலா தெருவுக்குத் திரும்பியாகவேண்டும். அந்தத் தெருவில் அவள் இனி எதையும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் திரும்பியாகவேண்டும். அக்காவின் கன்னத்தில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டு, அழுதுவிடுவோமோ என்று சட்டென்று சைக்கிளில் ஏறி, பழக்கமில்லாத அந்தக் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஆடி ஆடி ரோட்டோடு போனாள். வளைவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

சாருமதி மூட்டைகளுக்கு நடுவில் தனியாக நின்றாள். எதிரில் மூன்று பக்கமும் ரோடு பிரிந்தது. நின்றிருந்த ஆட்டோக்களில் ஒன்று முன்னால் நகர்ந்து வந்தது. ஓட்டுபவர் வாயில் இருந்த பாக்கை ஒதுக்கிக்கொண்டு, தினமும் நூறு பேரிடம் கேட்பதைக் கேட்டார்.

"எங்கம்மா போகணும்?"

வண்டியைப் பார்த்து யாரும் இதைக் கேட்பதில்லை. அந்த மலையில் இருந்த காலமெல்லாம், அவளிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள், இதை ஒருவர்கூடக் கேட்டதில்லை. சாருமதி ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் அவளுடைய தோள்கள் குலுங்கின. ஓட்டுபவர் பயந்துபோய் மீட்டரிலிருந்து கையை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்கண்ணே," என்றாள் அவள். "யோசிச்சுச் சொல்றேன்."